நான்காம் சட்டத்தில் ஒரு சொல்

மே/பா உமர் பாரூக் தட்டச்சுப் பயிலகம்
மதுக்கரை
12.6.1995

'கருமலை நாடு' ஆட்ட நடத்துநர் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் க. மதிவதனி. கோவை டவுன்ஹால் பக்கத்து வாடகை நூலகத்தில் உங்கள் ஜெராக்ஸ் அறிவிப்பைப் பார்த்து, எட்டாவது ஆட்டக்காரராகச் சேர எழுதியிருந்தேன். விதிப் புத்தகமும் நிலப்படமும் நேற்றுக் கிடைத்தன. நன்றி.

நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள். எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். என் பாத்திரம் அடுத்து என்ன செய்யும் என்று மாதம் ஒரு முறை கடிதத்தில் எழுத வேண்டும். நீங்கள் எட்டுக் கடிதங்களையும் படித்து, பகடை உருட்டி, யாருக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் எழுதி அனுப்புவீர்கள். அது ஒரு சுற்று. கடைசிச் சுற்று மட்டும் தை மாதத்தில், எல்லோரும் நேரில் கூடி. வராதவருக்கு அந்த நகர்வு கிடையாது.

என் பாத்திரத்துக்கு நெருஞ்சி என்று பெயர் வைத்திருக்கிறேன். கிணறு வெட்டுபவர் வீட்டுப் பெண். அவளுடைய ஊரான வறட்டூரின் ஊற்றை ஒரு மந்திரவாதி பூட்டிவிட்டு இறந்துபோனான். ஆட்டம் முடிவதற்குள் தண்ணீர் வராவிட்டால் ஊர் கலைந்துவிடும் என்று நீங்கள் தந்த அட்டையில் இருக்கிறது. தொடக்கப் பொருளாக வாள், விளக்கு, சாம்பல் போர்வை ஆகிய மூன்றில் போர்வையை எடுத்துக்கொள்கிறேன். அதைப் போர்த்தியவரிடம் யாரும் எந்த ஊர் என்று கேட்க மாட்டார்களாமே.

மந்திரச் சட்டங்கள் ஐந்தையும் மூன்று முறை படித்தேன். சில சந்தேகங்கள்.

மந்திரம் செய்பவர், தொடக்கத்திலிருந்து தன்னோடு இருக்கும் ஒரு பொருளை ஈடாக இழக்க வேண்டும் என்பது முதல் சட்டம். எனக்கு இருப்பது ஒரே பொருள். அப்படியானால் வாழ்நாளுக்கே ஒரு மந்திரம்தான். பிறகு, 'ஒரு சுற்றில் ஒரு மந்திரத்துக்கு மேல் கூடாது' என்ற இரண்டாம் சட்டம் எதற்கு?

இறந்தவரை எழுப்பக் கூடாது என்கிறது மூன்றாம் சட்டம். அதில் சந்தேகம் இல்லை. வானிலையை மாற்றலாம் என்கிறது ஐந்தாவது. வறட்டூரில் மழையை வரவழைத்தால், அந்த மழை புதிதாக உண்டாகிறதா, பக்கத்து ஊர் வானத்திலிருந்து எடுக்கப்படுகிறதா? எடுக்கப்படுகிறது என்றால் அந்த ஊர்க்காரர்களிடம் சொல்ல வேண்டாமா?

கேள்விகள் அதிகமென்றால் மன்னிக்கவும். நேரில் நான் இவ்வளவு பேசுவதில்லை.

இப்படிக்கு,
க. மதிவதனி


உடுமலை ரோடு, பொள்ளாச்சி
20.6.1995

ஏனுங்க மதிவதனி,

உங்க கடிதத்தை எங்க வீட்டில் சத்தமாப் படிச்சேன். என் தங்கச்சி புவனா சிரிச்சு சிரிச்சு, "அண்ணா, உன்ற ஆட்டத்துக்கு ஆடிட்டர் வந்துட்டாங்க"ன்னா. நிலப்படம் வரையறது அவதான். அவளுக்கு உங்களை இப்பவே புடிச்சுப்போச்சு.

முதல்ல என்னைப் பத்திச் சொல்லீர்றேன். பேரு கிருபாசங்கர். தேங்காய்க் களத்தில் அப்பாவுக்குத் துணை. போன வருசம் மொபெட்டில் போய் ஒரு தேங்காய் லாரிக்குப் பின்னால உழுந்து, கால் மூணு எடத்துல ஒடஞ்சு, ஆறு மாசம் கட்டில். அப்ப பெங்களூரில் இருக்கற அத்தை பையன் வந்து இந்த மாதிரி ஆட்டமெல்லாம் சொல்லிக் குடுத்தான். அவங்கிட்ட பெரிய இங்கிலீஷ் விதிப் புத்தகம் இருக்குது. அவன் படிக்கப் படிக்க நான் நோட்டுல குறிச்சு, அப்பறம் தமிழ்ல எழுதிக்கிட்டேன்.

உங்க கேள்விக்கு வாரேன். மந்திரவாதிக்கெல்லாம் தொடக்கத்திலேயே ஏழு பொருள். அதனாலதான் ரெண்டாம் சட்டம். உங்களுக்கு ஒண்ணுதான். மழை கேள்விக்கு ரெண்டு நாள் யோசிச்சுப்போட்டு ஆறாம் சட்டம் ஒண்ணு போட்டுட்டேன்: 'மழையை இழந்த ஊருக்கு அடுத்த சுற்றில் ஓலை அனுப்ப வேண்டும்.' எல்லாருக்கும் அனுப்பியாச்சு. உங்களாலதான்.

ஆனா ஒண்ணு. நீங்க மழையை வரவழைக்கவே முடியாதுங்க. நாலாம் சட்டத்தைப் பாருங்க: 'மந்திரத்தைக் குலத்தார் மட்டுமே தொடங்கலாம், குலத்தார் மட்டுமே முடிக்கலாம்.' நெருஞ்சி கிணறு வெட்டற வீட்டுப் பொண்ணு. அவளுக்கு மந்திரம் ஆகாது. கடப்பாரை எடுத்துக்கங்க, அதுக்கு எந்தச் சட்டமும் இல்லை.

அன்புடன்,
கிருபாசங்கர்

பி.கு.: நீங்க எழுதற தமிழ் சர்க்கார் கெஜட் மாதிரி இருக்குதுங்க. நான் பேசற மாதிரிதான் எழுதுவேன், கோவிச்சுக்காதீங்க.


மதுக்கரை
9.7.1995

அன்புள்ள கிருபாசங்கர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கால் இப்போது எப்படி இருக்கிறது?

இந்தச் சுற்றில் நெருஞ்சி கடப்பாரையுடன் ஊற்றின் வாய்க்குப் போகிறாள். உடைக்க முயலவில்லை. சுற்றிப் பார்க்கிறாள், கல்லைத் தட்டிப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

நான்காம் சட்டத்தை மறுபடியும் படித்தேன். எனக்கு ஒன்று தோன்றியது. மற்ற ஐந்து சட்டங்களும் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொல்கின்றன. நான்காவது மட்டும் யார் செய்யலாம் என்று சொல்கிறது. ஆனால் 'குலத்தார்' யார் என்று புத்தகத்தில் எங்கேயும் இல்லை. எந்தக் குலம்? தாய் வழியா, தகப்பன் வழியா? மந்திரவாதி வீட்டில் பிறந்த பிள்ளையைக் கிணறு வெட்டுபவர் எடுத்து வளர்த்தால் அந்தப் பிள்ளையால் முடியுமா? முடியும் என்றால் மந்திரம் இரத்தத்தில் இருக்கிறது. முடியாது என்றால் வீட்டில் இருக்கிறது. எது?

கல்லூரியில் கணிதம் படித்தபோது எங்கள் பேராசிரியை, வரையறை இல்லாத சொல்லைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது என்பார். அந்தப் பழக்கம்.

நான் மாலையில் தட்டச்சு சொல்லிக்கொடுக்கும் பயிலகத்தின் உரிமையாளர் உமர் பாரூக் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "ஏம்மா, மந்திரத்துல கூடவா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொடுத்துவிட்டார்.

இப்படிக்கு,
க. மதிவதனி


பொள்ளாச்சி
2.8.1995

மதிவதனிங்க,

கால் பரவால்லீங்க. மாடிப்படி மட்டும் பக்கவாட்டிலதான் ஏற முடியுது.

இந்தத் தடவை சண்டைக் கடிதமாயிருச்சு, மன்னிச்சுக்கங்க. உங்க கேள்வியை எல்லாருக்கும் அனுப்பினேன். அரசவை நீதிபதியா ஆடறாரே சென்னகிருஷ்ணன், உடுமலையில் வக்கீல் குமாஸ்தா, அவரு நாலு பக்கம் எழுதியிருக்காரு. "ஆட்டம் நடக்கையில் ஒரு கட்சிக்காரர் வசதிக்காகச் சட்டத்தை மாற்றுவது முறையன்று. மனு தள்ளுபடி." அப்படியே, முத்திரை வரைஞ்சு.

எனக்கும் கொஞ்சம் வருத்தம்தானுங்க. நான் என்னமோ வேணும்னு உங்களை ஒதுக்கி வெச்ச மாதிரி எழுதியிருக்கீங்க. அந்தச் சட்டத்தை நான் போடலை. இங்கிலீஷ் புத்தகத்திலயே அப்படித்தான் இருக்குது. அத்தை பையன் படிக்கறப்ப நான் தமிழ் எழுத்துல குறிச்சு வெச்ச வரியை அப்படியே தாரேன்: 'ஒன்லி தி காஸ்டர் மே பிகின் எ ஸ்பெல், ஒன்லி தி காஸ்டர் மே எண்ட் இட்.' ஸ்பெல்னா மந்திரம். காஸ்ட்னா சாதி. காஸ்டர்னா அந்தச் சாதிக்காரங்க. சாதின்னு போட்டா நல்லா இருக்காதுன்னுதான் குலம்னு போட்டேன்.

போன சுற்றில் நீங்க கல்லைத் தட்டினதுக்குப் பகடை போட்டேன். ஆறு விழுந்துது. உள்ளே தண்ணி சத்தம் கேக்குது.

கிருபாசங்கர்


மதுக்கரை
21.8.1995

அன்புள்ள கிருபாசங்கர் அவர்களுக்கு,

நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியைப் பத்து நாளாகப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உங்கள் மனதைப் புண்படுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. எது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான்.

என் அண்ணன் அன்புமணி பீளமேட்டில் ஒரு பவுண்டரியில் வேலை செய்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய சீருடையைத் துவைத்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையின் மேல் ஆங்கிலத்தில் தைத்திருந்த பிரிவின் பெயரை அன்றுதான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'காஸ்டிங்.' அண்ணனிடம் கேட்டேன்.

"காஸ்டிங்னா என்ன அண்ணா?"

"இரும்பை உருக்கி அச்சுல ஊத்தறது. மோட்டார் பாடி எல்லாம் அப்படித்தான் வருது. இது கூடத் தெரியாம என்னத்த டிகிரி படிச்சே?"

"அப்ப ஊத்தறவர் காஸ்டரா?"

"நாந்தான் காஸ்டர். ஏன், கையெழுத்து வேணுமா?"

மறுநாள் மாவட்ட மைய நூலகம் போய்ப் பெரிய அகராதியை எடுத்தேன். இரண்டு சொற்கள் இருக்கின்றன. கடைசியில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் சாதி. இல்லாவிட்டால் வீசுவது, எறிவது, வார்ப்பது. மந்திரத்துக்கும் இந்த இரண்டாவது சொல்தான் வரும் என்று எடுத்துக்காட்டே கொடுத்திருக்கிறார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், 'காஸ்ட்'. உங்கள் நோட்டில் அந்த 'ஈ' தொலைந்ததா வந்து சேர்ந்ததா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஆகவே சட்டம் இப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்: 'ஒரு மந்திரத்தை வார்த்தவர் மட்டுமே அதைத் தொடங்கவும் முடிக்கவும் முடியும்.' யார் வார்க்கலாம் என்று அதில் எதுவும் இல்லை.

உங்கள் அத்தை மகனிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம்.

இப்படிக்கு,
க. மதிவதனி


பொள்ளாச்சி
6.9.1995

மதிவதனிங்க,

எஸ்.டி.டி. பூத்தில் நின்னு பெங்களூருக்குப் பேசினேன். அவன் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிக்கறான். "மாமா பையா, உங்க ஊர்ல டிராகனுக்கும் சாதி சர்டிபிகேட் குடுப்பீங்களா?"ங்கறான். நீங்க சொன்னதுதான் சரி.

தப்பு எல்லாருக்கும் வரும். அதில்லீங்க என்னைக் குடையறது. ஒரு வருசமா அந்தச் சட்டத்தை எத்தனையோ தடவை படிச்சிருக்கேன். டிராகன் எப்படி நெருப்பு கக்கும், வயித்துல என்ன இருக்கும்னு அத்தை பையன்கிட்டச் சண்டை போட்டிருக்கேன். நாலாம் சட்டத்தை மட்டும் ஒரு தடவை கூட ஏன்னு கேக்கலை. அது எனக்கு விசித்திரமாவே படலை. சோறு வெள்ளையா இருக்கறாப்பல, அது பாட்டுக்கு இருந்துது.

சட்டத்தைத் திருத்தி எட்டுப் பேருக்கும் அனுப்பியாச்சு. 'வார்த்தவர்' ங்கற வார்த்தை புவனாவுக்கு நெம்பப் புடிச்சுது.

ஆனா சென்னகிருஷ்ணன் விடுவாரா? உடனே கடிதம். "திருத்தப்பட்ட சட்டப்படி, ஊற்றைப் பூட்டிய மந்திரத்தை வார்த்தவரே முடிக்க முடியும். வார்த்தவர் இறந்துவிட்டார். மூன்றாம் சட்டப்படி எழுப்ப முடியாது. ஆகவே பூட்டு நிரந்தரம். மனுதாரர் ஜெயித்தும் தோற்றார்."  பழைய சட்டத்தில் யாராவது ஒரு மந்திரவாதியைக் கெஞ்சியாவது திறந்திருக்கலாம். இப்ப அதுவும் போச்சு. இன்னும் மூணு நாலு சுற்று இருக்குது. யோசிங்க.

கடைசிச் சுற்று ஜனவரி 21, ஞாயித்துக்கிழமை, எங்க தோட்டத்து வீட்டில். மத்தியானம் சாப்பாடு. எட்டுப் பேரும் வாறீங்க. புவனா பெரிய நிலப்படம் ஒண்ணு வரையறா. பரீட்சைக்கு டவுனுக்கு வரும்போது உங்க பயிலகத்தில் நேரில் குடுத்துட்டு உங்களைப் பாத்துட்டு வரோணும்னு ஒரே பிடிவாதம்.

கிருபாசங்கர்


மதுக்கரை
10.12.1995

அன்புள்ள கிருபாசங்கர் அவர்களுக்கு,

மூன்று சுற்றுகளாக நகர்வை மட்டும் அட்டையில் எழுதி அனுப்பிவந்தேன். இந்தச் சுற்றுக்குச் சற்றுப் பெரிய கடிதம்.

பூட்டைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் முதலில் கொடுத்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். 'ஊற்றின் வாய் பூட்டப்பட்டது' என்றுதான் இருக்கிறது. தண்ணீர் பூட்டப்பட்டது என்று இல்லை. ஆடி மாதம் நெருஞ்சி கல்லைத் தட்டியபோது உள்ளே சத்தம் கேட்டது என்று நீங்களே எழுதினீர்கள். அந்தப் பூட்டைத் திறக்க யாராலும் முடியாது, சரி. திறக்க வேண்டாம். அந்த வாய் அப்படியே இருக்கட்டும். திருத்திய சட்டப்படி யார் வேண்டுமானாலும் புதிய மந்திரம் ஒன்றை வார்க்கலாம். நெருஞ்சி வேறொரு வாய் வார்ப்பாள், ஊற்று இருக்கும் மேட்டுக்குக் கீழே, அவளுடைய தெருவில். முதல் சட்டப்படி ஈடு அவளுடைய சாம்பல் போர்வை. இதுதான் என் கடைசி நகர்வு. சென்னகிருஷ்ணன் அவர்களிடம் இதில் ஓட்டை இருக்கிறதா என்று கேளுங்கள்.

உங்கள் தங்கை வந்திருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் பயிலகம் பூட்டியிருக்கும் என்பதை நான் சொல்லத் தவறிவிட்டேன். யாரோ வழி சொல்லி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் டவுனில் இருந்தேன். நிலப்படம் மிக அழகு. வறட்டூருக்கு எட்டு வீடு வரைந்திருக்கிறார், ஒவ்வொன்றுக்கும் கதவு.

அம்மாவிடம் என்ன நடந்தது என்று கேட்டேன். "தண்ணி குடுத்தேன் கண்ணு. சொம்பை வாங்கிக் கையில வெச்சுக்கிட்டே நின்னுச்சு. குடிக்கவும் இல்ல, கீழ வெக்கவும் இல்ல. அப்பறம் பஸ் வந்துருமுங்கன்னு எங்கையிலயே குடுத்துட்டுப் போயிருச்சு. பாவம், வெயில்ல வந்த புள்ள" என்றார்.

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

க. மதிவதனி


பொள்ளாச்சி
28.12.1995

அன்புள்ள மதிவதனி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. நகர்வு சரியானது. சென்னகிருஷ்ணன் அவர்களும் ஓட்டை இல்லை என்று எழுதிவிட்டார்.

கடைசிச் சுற்று நடக்கும் இடம் மாற்றப்பட்டுள்ளது. ஜனவரி 21 அன்று காலை பத்து மணிக்கு, கோவை வ.உ.சி. பூங்காவில் கூடுகிறோம். அவரவர் சாப்பாட்டை அவரவர் கொண்டு வரலாம். எல்லோருக்கும் வசதியாக இருக்கும் என்று இந்த ஏற்பாடு. உங்களுக்கும் பக்கம்.

இப்படிக்கு,
தி. கிருபாசங்கர்


க. மதிவதனி
2/41, புதுக்காலனி
மதுக்கரை
3.1.1996

கிருபாசங்கர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு 'ங்க' கூட இல்லை. முழுக்க கெஜட். அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

மேலே உள்ள முகவரியைப் பாருங்கள். ஏழு மாதமாக நான் எழுதாமல் இருந்த முகவரி இதுதான். என் அப்பா கருப்புசாமி லாரியில் சிமெண்டு மூட்டை ஏற்றி இறக்குகிறார். அம்மா பாவாத்தாள் காட்டு வேலைக்குப் போகிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியது நான்தான் முதல். கல்லூரி முடிந்ததும் கூடப் படித்த தோழி ஒருத்திக்கு இந்த முகவரியை எழுதி அனுப்பினேன். அவளிடமிருந்து பதில் வரவில்லை. அதன்பிறகு எல்லாவற்றுக்கும் பயிலக முகவரிதான்.

என் தமிழ் ஏன் இப்படி இருக்கிறது என்று கேலி செய்தீர்கள். வீட்டில் பேசுவதுபோல் எழுதினால் நான் எந்தத் தெரு என்று இரண்டு வரியில் தெரிந்துவிடும். அச்சில் இருப்பது மாதிரி எழுதினால் தெரியாது. அதுவும் ஒரு சாம்பல் போர்வைதான்.

இப்போது ஒரு சட்டக் கேள்வி. ஏழு ஆட்டக்காரர்கள் வந்தால் உங்கள் வீட்டில் சாப்பாடு. எட்டாவது ஆள் யார் என்று தெரிந்ததும் பூங்கா. இடம் மாறியதற்கு வேறு காரணம் இருந்தால் எழுதுங்கள், மன்னிப்புக் கேட்கிறேன். இல்லையென்றால், உங்கள் வீட்டு வாசலில் ஒரு பூட்டு இருக்கிறது. வறட்டூரில் புதிய வாய் வார்த்தது போல நான் இங்கே ஒன்றும் வார்க்க முடியாது, ஏனென்றால் அது என் வீடு இல்லை. நீங்கள் திருத்திய நான்காம் சட்டப்படி, அதை வார்த்தவர்கள்தான் முடிக்க வேண்டும். வறட்டூர் ஊற்றைப் பூட்டிய மந்திரவாதி மாதிரி அவர்கள் இறந்துபோகவில்லை. உங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

நான் பூங்காவுக்கு வர மாட்டேன். விதிப்படி என் நகர்வு போகும், வறட்டூர் கலைந்துவிடும். எனக்கு அதில் எவ்வளவு வருத்தம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் எல்லோரையும் வெளியே உட்கார வைக்கும் எட்டாவது ஆளாக என்னால் உட்கார முடியாது.

க. மதிவதனி


பொள்ளாச்சி
13.1.1996

மதிவதனிங்க,

வேற காரணம் இல்லீங்க.

நடந்ததை எழுதீர்றேன். புவனா அன்னிக்கு உங்க ஊரிலிருந்து வந்து எதுவும் சொல்லலை. அம்மாதான் நோண்டி நோண்டி, "எந்தத் தெரு, என்ன வீடு"ன்னு கேட்டு வாங்கிட்டாங்க. அப்பறம், "வரட்டும், நான் வேண்டாங்கலையே. வாசல்ல பந்தல் போட்டு எல்லாருமே அங்க உக்காந்து வெளையாடட்டும்"னாங்க. எனக்கு அது உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு இருந்துது. பூங்கான்னு போட்டுட்டேன். நான் உங்களைக் காப்பாத்தறதா நெனச்சேன். என்னையத்தான் காப்பாத்திக்கிட்டேன்.

உங்க கடிதத்தை இந்தத் தடவையும் சத்தமாப் படிச்சேன், ராத்திரி சோத்துக்கு முன்னால, அப்பா அம்மா ரெண்டு பேருக்கும். அப்பா பாதியிலே எந்திரிச்சுக் களத்துக்குப் போயிட்டாரு. எங்கூடப் பேசி அஞ்சு நாள் ஆகுது. அம்மா கடைசி வரைக்கும் கேட்டாங்க. கேட்டுப்போட்டு, "அந்தப் பொண்ணு கடிதாசியில கூட என்னையத் திட்டலையே"ன்னாங்க. ஏன்னு எனக்குத் தெரியலை, அது அவங்களுக்குப் பெரிசாப் பட்டுது. அப்பறம், "எனக்கு ஒரே நாள்ல மாத்திக்க வராது சாமி. நான் அன்னிக்கு ஆனைமலை கோயிலுக்குப் போயிர்றேன். நீங்க உள்ள வெச்சே பண்ணுங்க"ன்னாங்க.

இது பாதித் திறப்புதான். பூராவும்னு பொய் சொல்ல மாட்டேன். அம்மா வீட்டில் இருக்க மாட்டாங்க, அப்பா எப்படி இருப்பாருன்னு தெரியாது. ஆனா இடம் எங்க வீடு. வீட்டுக்குள்ள, நடு ஆசாரத்தில் ஒரே வரிசையா எட்டு எலை. சமையல் புவனா. உப்பு கூடக் கொறைய இருக்கும்.

புவனா இதைச் சேர்த்து எழுதச் சொன்னா: "அக்கா, எனக்கு அன்னிக்கு நெம்பத் தாகம். குடிச்சா என்ன ஆகும்னு எனக்கே தெரியலை. தெரியாமத்தான் நின்னேன். உங்கம்மா கையில திருப்பிக் குடுத்ததை நெனச்சா இன்னும் கை கூசுது."

வாறதும் வராததும் உங்க முடிவுங்க. நீங்க வரலைன்னாலும் வறட்டூருக்குத் தண்ணி விட்டுறலாம்னு சென்னகிருஷ்ணனே சிபாரிசு பண்ணினாரு. நான் வேண்டாம்னுட்டேன். இரக்கப்பட்டு விடற தண்ணி நெருஞ்சிக்கு வேண்டியிருக்காதுன்னு நெனக்கறேன். தப்புன்னா சொல்லுங்க.

கிருபாசங்கர்


2/41, புதுக்காலனி
மதுக்கரை
17.1.1996

கிருபாசங்கர்ங்க,

உங்க கடிதாசி பொங்கலுக்கு மறுநாள் வந்துது. தபால்காரர் எங்க தெருவுக்குள்ள வந்து, "மதிவதனிங்கறது யாரு?"ன்னு கூப்பிட்டாரு. பேரு போட்டு எனக்கு வீட்டுக்கே வந்த மொதல் கடிதாசி இதுதானுங்க. பக்கத்து வீட்டுப் புள்ளைங்க எல்லாம் வேலை கிடைச்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு ஓடி வந்துட்டாங்க. ஒரு ஆட்டத்துக்கு வந்த கடிதாசின்னேன். "டிகிரி படிச்சுப்போட்டு ஆட்டமா?"ன்னு அப்பா கேட்டாரு. ஆறு சட்டத்தையும் சொல்லிக் காட்டினேன். மழையை இழந்த ஊருக்கு ஓலை அனுப்போணும்னதும், "அது நாயம்"னாரு.

தப்பு இல்லீங்க. இரக்கத் தண்ணி வேண்டாம்.

பாதித் திறப்புன்னு எழுதியிருந்தீங்க. அதுக்கு என்ன சட்டம்னு ரெண்டு நாளா யோசிக்கறேன். பாதி வார்த்த இரும்பை என்ன செய்வாங்கன்னு அண்ணன்கிட்டக் கேட்டேன். "பாதியில நிறுத்தக் கூடாது. நிறுத்தினா ஒடஞ்சுரும். ஊத்த ஆரம்பிச்சா ஊத்தித்தான் ஆகோணும்"னாரு. உங்கம்மாகிட்ட இதைச் சொல்லுங்க. அவங்க கோயிலுக்குப் போறப்ப யோசிச்சுப் பாக்கட்டும்.

எங்கம்மா ஒரு சொம்பு குடுத்தனுப்பறாங்க. மூடி போட்டது. "அந்தப் புள்ள தாகத்தோட போயிருச்சு, இதைக் கொண்டுபோய்க் குடு"ங்கறாங்க. எங்க தெருக் குழாய்த் தண்ணி சித்த உப்புக் கரிக்கும், புவனாகிட்ட முன்னாடியே சொல்லிருங்க. குடிக்கறதும் குடிக்காததும் அவ இஷ்டம். ஆனா இந்தத் தடவை திருப்பிக் கையில வாங்க மாட்டேன்.

சாம்பல் போர்வையைக் கழட்டிட்டேன். நகர்வைத் தயாரா வெச்சிருக்கேன். ஏழரைக்கு உக்கடத்துல பஸ் ஏறிருவேன்.

வாரேனுங்க.

மதிவதனி